சனிக்கிழமை அளந்த பள்ளிக்கூடம்

“ஃபேனை நிறுத்தவா சார்? நாற்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்காங்களே, இந்த வெயில்ல?”

தலைமையாசிரியை கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று அந்தப் பள்ளியில் வீடியோ கான்ஃபரன்ஸ் வழியாக முதல் வகுப்பு. சென்னையிலிருந்து ஒருவர் இயற்பியல் நடத்துகிறார். படம் கண்ணாடி போலத் தெரிகிறது. ஆனால் இங்கே ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வி அங்கே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது நான்கு சீலிங் ஃபேன்களின் இரைச்சல். மைக்கை மேசை நடுவில், ஒரு ஃபேனுக்கு நேர் கீழே வைத்திருந்தேன். காற்று நேராக மைக் மேல் அடிக்கிறது. பிள்ளைகள் அமைதியாக இருக்கும் ஒவ்வொரு முறையும், ‘யாரோ மெதுவாகப் பேசுகிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டு கருவி அந்த இரைச்சலைத் தூக்கித் தூக்கி அனுப்புகிறது.

கருவி வைப்பதற்கு முன் இடத்தை அளந்து பார்க்கும் சர்வேக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. அறையில் நானும் சாவி கொண்டுவந்த அலுவலக உதவியாளரும் மட்டும். ஃபேன் ஓடவில்லை. லைனில் வேறு யாரும் இல்லை. பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தமும் இல்லை. மைக்கைச் சோதித்தேன், பிரமாதம் என்று தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளிகள், தாலுகா அலுவலகங்கள், சில அரசு மருத்துவமனைகளுக்கு நெட்வொர்க்கும் வீசியும் போட்டுக் கொடுப்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. (அலுவலகங்களில் யாரும் வீடியோ கான்ஃபரன்ஸ் என்று முழுசாகச் சொல்வதில்லை. ‘இன்னைக்கு வீசி இருக்கு’ என்றால் அன்று வேறு வேலை நடக்காது என்று அர்த்தம்.) இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய தவறுகளை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே தவறுதான். ஆள் இல்லாத நேரத்தில் போய் அளந்திருக்கிறேன்.

லைனுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்ற கணக்கிலேயே முதலில் அடி வாங்கினேன். நான் தொழிலுக்கு வந்தபோது வீசி என்றால் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி லைன். ஒரு லைனில் 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 ஆயிரம் பிட்) சேனல் இரண்டு. மூன்று லைன் வாங்கி ஆறு சேனலையும் சேர்த்துக் கட்டினால் 384 கேபிபிஎஸ். ஒவ்வொரு சேனலாக டயல் ஆகி, ஆறும் சேர்ந்து படம் வரும்வரை எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். நிமிடக் கட்டணமும் உண்டு. ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. கிடைத்த 384 உங்களுடையது. பக்கத்து மேசைக்காரர் என்ன செய்தாலும் அதில் கை வைக்க முடியாது.

அப்புறம் ஐபி வந்தது, இணையத்தைப் போல எல்லோரும் ஒரே லைனைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறை. அரசு அலுவலகங்களை இணைக்கும் மாநிலப் பெருவலைப் பின்னல்களுக்கு மத்திய அரசு 2005இல் திட்டம் போட்டபோது, மாநிலத் தலைமையிடத்திலிருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டாரம் என்று குறைந்தது 2 எம்பிபிஎஸ், அதாவது சுமார் 2,000 கேபிபிஎஸ் என்பதுதான் அளவு. 384 எங்கே, 2,000 எங்கே! நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துபோனோம். ஓர் அலுவலகத்தில் அதே 384 வேகத்தில் அழைப்பு வைத்தேன். தரவைத் துண்டு துண்டாக, பாக்கெட்டாக அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் எழுதும் முகவரிக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 460 கேபிபிஎஸ் வருகிறது. லைனில் கால்வாசிகூட இல்லை. இரண்டாவது சனிக்கிழமை சோதித்தோம், ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு உண்மையான வீசி. படம் கட்டம் கட்டமாக உடைந்தது, அதிகாரியின் வாய் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலும் இருந்தன.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. திங்கள் காலை அங்கே மனு, சான்றிதழ் என்று கூட்டம். நான்கு மேசைகளில் ஸ்கேன் செய்து பக்கம் பக்கமாக மேலே அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அணைத்துவைத்த கணினிகள் எல்லாம் விழித்தெழுந்து வைரஸ் தடுப்புக் கோப்பை இறக்குகின்றன. 2 எம்பிபிஎஸ் லைனில் இவையெல்லாம் வரிசையில் நிற்க, நடுவில் என் வீசி பாக்கெட்டும் நிற்கிறது. ஒரு கோப்பு அரை விநாடி தாமதமாகப் போனால் யாருக்கும் தெரியாது. குரல் அரை விநாடி தாமதமானால் பேச்சே நடக்காது. ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் இயல்பாகப் பேசலாம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை. நூறில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே அந்தக் காலத்துக் கருவிகளில் படம் கிழியும்.

மருந்து தெரிந்ததுதான். பாக்கெட்டில் குரலுக்கு 46, படத்துக்கு 34 என்று டிஎஸ்சிபி எனும் முன்னுரிமை முத்திரை குத்தி, ரூட்டரில் அவற்றுக்குத் தனி வரிசை கொடுப்பது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது போல. குத்தினேன். எங்கள் முகம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் முகம் எங்களுக்கு உடைந்துகொண்டேதான் இருந்தது. என் ரூட்டரில் நான் செய்தது என்னிடமிருந்து வெளியே போவதை மட்டும்தான் காக்கும். உள்ளே வருவதை ஒழுங்குபடுத்த வேண்டியது லைனின் அந்தப் பக்கத்து ரூட்டர், அது இன்னொருவர் பொறுப்பில். நான்கு வரி மாற்றத்துக்குக் கடிதம் எழுதிப் பல வாரம் காத்திருந்தோம். இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: மறுமுனை ரூட்டர் யார் கையில்?

இப்போது பள்ளிகளுக்கே 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வருகிறது, இந்தக் கவலை எதற்கு என்று கேட்கிறார்கள். வீட்டு இணைப்பு வகை ஃபைபரில் ஒரு கண்ணாடி இழையை 32 அல்லது 64 இணைப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீழே வருவதற்கு மொத்தம் சுமார் 2,500 எம்பிபிஎஸ், மேலே போவதற்கு அதில் பாதி. பள்ளிக்கு உள்ளேயும் பங்காளிகள் உண்டு. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. லேபில் இருபது கணினியில் ஆன்லைன் தேர்வு நடக்கும் அதே நேரத்தில் வீசி வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சனிக்கிழமை போய்க் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பீட் டெஸ்ட் வட்டத்தில் வரும் பெரிய எண்ணை நான் பார்ப்பதே இல்லை. வேலை நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை விடாமல் பிங் (மறுமுனைக்குச் சின்னப் பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, எந்த நேரத்தில் எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று பார்க்கிறேன். எச்டி படத்துக்கு மேலே போக 2 முதல் 3 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும். ‘நிலையாக’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

செயற்கைக்கோள் வழி வகுப்புகளையும் கொஞ்ச நாள் பார்த்தவன் நான். 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏறியது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய செயற்கைக்கோள். 36,000 கிலோமீட்டர் உயரம். குரல் ஏறி இறங்கவே கால் விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. ஆசிரியர் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுவிட்டு, பதில் இல்லையே என்று அடுத்த வரியைத் தொடங்கும்போது இங்கிருந்து ‘புரிஞ்சுது சார்’ போய் மோதும். தொழில்நுட்பத்தில் இதற்கு மருந்து கிடையாது, ஒளியின் வேகத்தை யாரும் கூட்ட முடியாது. கேள்வி முடிந்ததும் கை உயர்த்திக் காட்டுங்கள், காட்டிய பிறகு பேசுங்கள் என்று ஓர் ஒழுங்கு வைத்தோம். நடந்தது.

ஒலிக்குத் திரும்புகிறேன். எஸ்டிமேட் போடும்போது எல்லோரும் கேமராவைத்தான் பேசுவார்கள். முழு எச்டியா, பன்னிரண்டு மடங்கு ஜூமா என்று. கேமராவைப் பற்றி நான் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று: ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், முகம் கறுத்துவிடும். வேறொன்றுமில்லை. படம் மங்கினால் கூட்டம் நடக்கும். குரல் மங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் போனை எடுத்து நோண்ட ஆரம்பிப்பார்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும். ஃபேன் இரைச்சலோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் விலையுயர்ந்த மைக்கைத் தூரத்தில் வைப்பதைவிட மலிவான மைக்கை வாயருகே வைப்பது மேல். அந்தப் பள்ளியில் கடைசியில் செய்தது இதுதான். ஆசிரியருக்குச் சட்டையில் மாட்டும் மைக். பிள்ளைகளுக்குக் கையில் பிடிக்கும் மைக் ஒன்று. கேள்வி கேட்பவர் வாங்கி, பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மேசை மைக்கைக் கழற்றிவிட்டேன். மூன்று ஃபேன் ஓடியது, பேசும் இடத்துக்கு மேலே இருந்த இரண்டாம் நம்பர் ஃபேன் மட்டும் நின்றது. தலைமையாசிரியையும் நானும் செய்துகொண்ட சமாதானம் அது.

சிமெண்ட் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. நம் வகுப்பறைகளில் கைதட்டிப் பாருங்கள், ஒலி சுற்றிச் சுற்றி வரும். அமெரிக்காவில் சாதாரண அளவு வகுப்பறைக்கு இந்தச் சுற்றல் 0.6 விநாடியைத் தாண்டக் கூடாது என்று தரமே வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளியில் ஆர்வக்கோளாறில் சுவர் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டி, அதில் விஞ்ஞானிகள் படமும் வரைந்திருந்தார்கள். பார்க்க அழகு, ஒலிக்குப் பயன் இல்லை. தெர்மோகோல் ஒலியைக் குடிக்காது. கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுவது, துணி போர்த்திய அறிவிப்புப் பலகை, தரையில் கயிற்றுப்பாய் இவையெல்லாம் குடிக்கும். பிள்ளைகளும் குடிப்பார்கள், நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்த அறை காலி அறையைவிட நன்றாகக் கேட்கும். சனிக்கிழமை அளவு நிலைமையை இருப்பதைவிட மோசமாகக் காட்டிப் பொய் சொன்ன ஒரே இடம் இதுதான்.

எதிரொலியில் ஒரு சூட்சுமம் உண்டு. தெரியாவிட்டால் நாள் முழுக்க வீண். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் தவறு உங்கள் அறையில் இல்லை, மறுமுனையில். அவர்கள் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் அவர்கள் மைக்கில் ஏறித் திரும்புகிறது. இதைத் தடுக்கக் கருவிக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: ஸ்பீக்கருக்கு நான் அனுப்பியது இன்னது, அதை மைக்கில் வருவதிலிருந்து கழித்துவிடு. ஓர் ஊர் மன்றக் கட்டடத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு முயன்றும் உதவவில்லை. ஸ்பீக்கருக்கு அங்கிருந்த மைக் செட் ஆம்ப்ளிஃபயரையே பயன்படுத்தியிருந்தோம். திருவிழாவுக்கு ஓடும் செட். அதில் ‘எக்கோ’ என்று ஒரு குமிழ் இருக்கிறது, செட்காரர் அதைப் பாதிக்கு மேல் திருகி வைத்திருக்கிறார். கருவி அனுப்பியது ஒன்று, ஸ்பீக்கரில் வந்தது கோயில் கொடையில் கேட்கும் குரல். அதை எப்படிக் கழிக்கும்? குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, மேலே பிளாஸ்திரி ஒட்டினேன்.

ஒரு பக்கம் மட்டும் குரல் போகும் நோய்க்குக் காரணம் வேறு. ஓர் அரசு மருத்துவமனையில் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, படமும் தெரிந்தது. அவர்கள் பக்கம் எங்களுக்கு இருட்டு, மௌனம். மைக், கேபிள் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். எச்.323 என்ற பழைய முறையில் கருவி தன் ஐபி முகவரியைச் செய்திக்கு உள்ளேயும் எழுதி அனுப்பும். நடுவில் காவலுக்கு நிற்கும் ஃபயர்வால் முகவரியை மாற்றும்போது உறை மேல் எழுதியதை மட்டும் மாற்றுகிறது. உள்ளே கடிதத்தில் இருக்கும் பழைய முகவரி அப்படியே போகிறது. மறுமுனை அந்தக் கடிதத்தைப் படித்து, வெளியுலகத்துக்குத் தெரியாத 192.168 முகவரிக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபயர்வாலில் அழைப்புக்கான 1720 என்ற வாசலை (போர்ட்) மட்டும் திறந்தால் அழைப்பு மணி அடிக்கும், பேச்சு வராது. இன்றைய மென்பொருள்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பழைய பெட்டிகள் இன்னும் பல கூட்ட அரங்குகளில் உயிரோடு இருக்கின்றன.

சரி, மின்சாரம். நெட்வொர்க் ஆட்கள் இதைத் தன் வேலை இல்லை என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன், மூன்று நெட்வொர்க் ஸ்விட்ச் (கணினிக் கேபிள்களையெல்லாம் செருகி இணைக்கும் பெட்டி) செத்த பிறகு நிறுத்தினேன்.

ஒரு மேல்நிலைப் பள்ளியில் அலுவலகம் ஒரு கட்டடம், லேப் மைதானத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு வேப்பமரம். கேட்-6 என்ற தாமிர நெட்வொர்க் கேபிளை மரத்தில் கட்டித் தலைக்கு மேலே இழுத்திருந்தார்கள். சுவர் பாயிண்ட்டிலிருந்து பாயிண்ட் வரை 90 மீட்டர், இரண்டு முனையிலும் பேட்ச் கார்டு எனும் இணைப்பு வயருக்கு மொத்தம் 10 மீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. இது 85 மீட்டர் இருந்தது. அளவு சரிதானே என்று பழைய கேபிளையே வைத்துக்கொண்டேன். மார்ச் மாதம். ஐப்பசியில் இடி மழை. மின்னல் அந்தக் கேபிளில் விழவே இல்லை, எங்கோ பக்கத்தில்தான் விழுந்தது. அடுத்த நாள் இரு முனையிலும் ஸ்விட்ச் காலி, லேபில் ஐந்து கணினியின் நெட்வொர்க் போர்ட்டும் காலி. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையே வரும் மின்னழுத்த வித்தியாசம் ஓடுவதற்கு நாமே தாமிரத்தில் ஒரு பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அன்றிலிருந்து ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஃபைபர்தான், பத்து மீட்டர் தூரமானாலும். ஆறு இழை கேபிள், பைப்பில் போட்டு மண்ணுக்குள். இரண்டு இழை வேலைக்கு, நான்கு சும்மா கிடக்கும். ‘சும்மா கிடப்பதற்கு எதற்கு பணம்’ என்று தணிக்கையில் கேட்டார்கள். எலி கடித்த வருடம் பதில் கிடைத்தது.

எர்த் குழியும் நேரம் பார்த்துப் பொய் சொல்லும். டிசம்பரில் அளந்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றரை வோல்ட், அருமை. அதே குழியில் மே மாதம் 17 வோல்ட். மண் காய்ந்துவிட்டது. இப்போது குழிக்கு மூடியும் தண்ணீர் ஊற்ற ஒரு குழாயும் வைக்கிறோம். சித்திரை வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவைத்தால் போதும். அவர் மறப்பதில்லை, செடிக்கு ஊற்றும்போது சேர்த்து ஊற்றிவிடுகிறார்.

நெட்வொர்க் முழுசாகப் படுத்த இரண்டு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அரையாண்டுத் தேர்வுக்காக லேபில் பெஞ்சு மாற்றியபோது யாரோ ஒழுங்குக்காகத் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் நுனியைக் காலியாக இருந்த இன்னொரு ஓட்டையில் செருகிவிட்டார். இரண்டு நுனியும் ஒரே ஸ்விட்சில். பாக்கெட்டுகள் சுற்றுக்குள் சுற்றி ஒரு நிமிடத்தில் பள்ளி முழுக்க நெட்வொர்க் நின்றது, ஸ்விட்சின் விளக்குகள் மட்டும் வெறிபிடித்தது போல மின்னின. இரண்டாவது, ஓர் ஆசிரியர் வகுப்பில் வைஃபை வரவில்லை என்று நல்லெண்ணத்தில் வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து செருகியது. அது தன் போக்கில் எல்லாக் கணினிக்கும் முகவரி விநியோகிக்கத் தொடங்கியது. இரண்டிலும் யாரையும் குறை சொல்ல மாட்டேன். பொது இடத்தில் ஓட்டை திறந்திருந்தால் யாராவது எதையாவது செருகத்தான் செய்வார்கள். இப்படிப்பட்ட சுற்றைத் தானே கண்டுபிடித்து அடைக்கும், அந்நியக் கருவி முகவரி விநியோகிப்பதை மறுக்கும் ஸ்விட்சுக்கு விலை கொஞ்சம்தான் கூடுதல். டெண்டரில் எழுதாவிட்டால் வராது. மைக், திரைச்சீலை, எர்த்திங், ஃபைபர், இந்த வகை ஸ்விட்ச் ஐந்தும் பெரும்பாலான டெண்டர்களில் விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். கேமராவின் ஜூம் மட்டும் ஒருபோதும் விட்டுப்போவதில்லை.

இப்போது சர்வேக்கு வேலை நாளில்தான் போகிறேன். காலை பிரேயருக்கு முன்னால் போய், கடைசி மணி அடிக்கும்வரை இருப்பேன். பையில் மல்ட்டிமீட்டர், அளவு நாடா, பிங் ஓட ஒரு பழைய லேப்டாப். வீசி நடக்கப் போகும் அறையில், வகுப்பு நடக்கும்போதே, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்பேன். அந்தப் பதிவை அப்படியே தலைமையாசிரியருக்கும் போட்டுக் காட்டுவேன். ஃபேன் பேச்சுவார்த்தை அதற்குப் பிறகு சுலபம்.

வேலை முடிந்ததும் கருவிகள் இருக்கும் ராக் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுவது வழக்கம். எந்த வயர் எங்கே போகிறது, எதை முதலில் அணைத்துப் போட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில். அதிகாரிகள் மாறுவார்கள், தாள் மாறாது. அந்த ஃபேன் பள்ளிக்கு ஆறு வருடம் கழித்து யூபிஎஸ் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். தாள் மஞ்சளாகிக் கிடந்தது. என் எழுத்துக்குக் கீழே வேறு வேறு பேனாவில் மூன்று வரி சேர்ந்திருந்தது. ‘வீசிக்கு முன் 2ஆம் நம்பர் ஃபேன் ஆஃப்.’ ‘இடி இடித்தால் மஞ்சள் பிளக்கைக் கழற்றவும்.’ மூன்றாவது: ‘புதன்கிழமை டாங்கிள் போடாதே.’

லைன் போனால் மாற்றாக 4ஜி டாங்கிள் ஒன்று நான்தான் வைத்துவிட்டு வந்தேன், சிக்னலும் அளந்து எழுதியிருந்தேன். அதில் என்ன புதன்கிழமை? அலுவலக உதவியாளரிடம் கேட்டேன்.

“புதன் சந்தை சார். சுத்துப்பட்டி ஊரெல்லாம் இங்கதான் இருக்கும். டவர் எடுக்காது.”